மெருகு போடாத தரை

கயல் கண்ணு,

போனில் பேசினால் நீ பாதியில் புகுந்துவிடுவாய். எனக்கும் கோபம் வந்து, சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ சொல்லி வைப்பேன். எழுதினால் குறுக்கே பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். மதிய நேரம். சேலம் ரோட்டில் வெயில் கொளுத்துகிறது, கடையில் ஈ காக்கை இல்லை. அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். உனக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளையோடு பாண்டிக்குக் குடிபோய், கட்டில் எந்தப் பக்கம், பீரோ எந்தப் பக்கம் என்று நீங்கள் இப்போதுதான் முடிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்தப் புது வீட்டைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். ஆகவே நம்ம வீட்டுத் தரையிலிருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பாதிக்கு மேல் நீயே செய்ததுதான். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை.

நீ பிறந்தபோதே நாம் டைல்ஸ் கடைக்காரர்கள். அதற்கு முந்தியதை நீ பார்த்ததில்லை. நான் பிறந்தது நைனார்பாளையத்தில், மண்சுவர் வீட்டில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போனவர்கள். ஒப்பாரி வைக்க இதைச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும்: அந்த வீட்டில் மட்டமான இடம் என்று ஒன்று கிடையாது. சோற்றுத் தட்டைக் கீழே வைத்தால் ரசம் ஒரு பக்கமாக ஒதுங்கும். பிறகு மெட்ராசில் டைல் பதிக்கும் ஆட்களோடு கையாளாகப் போனேன். அங்கேதான் மேஸ்திரி தரையில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதை முதன்முதலில் பார்த்தேன். கண்ணாடிக்குள் அந்தக் குமிழி ஆடி ஆடி நடுவில் வந்து நின்றது. என் பொழைப்பும் ஒரு நாள் இப்படி வந்து நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கள்ளக்குறிச்சியில் கடை போட்டு, சொந்த வீடு கட்டியபோது ஹாலுக்கு இருப்பதிலேயே பெரிய வெள்ளை டைலைப் போட்டேன். ஜாயிண்ட் தெரியாது. குனிந்தால் முகம் தெரியும். கடைக்கு வந்தவர்கள் யோசித்தால், "வூட்டுக்கு வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று கையோடு கூட்டி வருவேன். வந்தவர்கள் செருப்பை வாசலில் விடும்போதே பேச்சு முடிந்துவிடும்.

அந்தத் தரையை அப்படி வைத்திருந்தவள் உன் அம்மா. நான் டைல் லோடு எடுக்க குஜராத்தில் மோர்பிக்கு ரயிலேறினால் கடை அவளுடையது. டைலை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவாள், சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரு மழைக்காலக் காலையில், அந்தத் தரையைத் துடைத்துவிட்டுத் திரும்பும்போது வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்தது. சேலத்தில் ஆப்ரேஷன். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று சொல்லி, ஒரு வாக்கரைக் கொடுத்து அனுப்பினார்கள். பின்னறையில் நடந்தாள். அது முதலில் கட்டிய அறை, வெறும் சிமெண்ட் தரை. ஆனால் ஹால் வாசற்படிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"தண்ணி நிக்குதுங்க" என்றாள்.

"எங்க நிக்குது? காஞ்சி கெடக்குது."

"காஞ்சிருக்குதுன்னு எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலயே."

பாய் விரித்தேன். பாய் வழுக்கும் என்றாள். கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். ரெண்டு பேரும் விழுவோம் என்றாள். அதோடு வெளியே வருவதையே விட்டுவிட்டாள். சாப்பாடு அறைக்குள் போனது. பார்க்க வந்தவர்கள் கதவோரம் நாற்காலி போட்டுப் பேசிவிட்டுப் போனார்கள். வர வர, "அவங்க தூங்கறாங்களோ இன்னாவோ" என்று சொல்லிக்கொண்டு என்னிடமே விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். கடைச் சாவியை ஒரு நாள் அவளே எடுத்து என் பையில் போட்டாள். "இனிமே எனக்கு எதுக்கு" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

அப்போதுதான் நீ, பெங்களூரில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்யும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாய். வந்த மறுநாள் மதியம் நான் சாப்பிட வந்தபோது, நீ அந்த வாசற்படியில் அம்மா பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். மேற்கு ஜன்னல் வெயில் ஹால் முழுக்க விழுந்திருந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குச் சோறு போட்டுவிட்டு, நான் முதல் கவளம் எடுக்கும்போது சொன்னாய்: "அப்பா, ஹால் தரைய எடுத்துடலாம்ப்பா."

நான் எச்சில் கையோடு உன்னைப் பார்த்தேன். நீ விளக்க ஆரம்பித்தாய். அம்மா சொல்வது பொய்யில்லை, உட்கார்ந்து பார்த்தால் தண்ணீர் மாதிரியேதான் இருக்கிறது, மெருகு போடாத கல் போடலாம், சுவரையும் பெயிண்ட் அடிக்காமல் சுண்ணாம்பும் செம்மண்ணும் கலந்து பூசலாம், கண் கூசாது. அதற்கப்புறம் அந்தப் பெயரைச் சொன்னாய். "ஜப்பான்ல இதுக்கு வாபி சாபின்னு பேருப்பா."

"எந்த வூட்டுச் சாவி?"

"சாவி இல்லப்பா, சாபி." நீ சிரிக்கவில்லை. பழையதாகிப் போனதில், குறை உள்ளதில், முழுசாக முடிக்காமல் விட்டதில் ஒரு அழகு இருக்கிறது, அதை மறைக்காமல் வீட்டில் வைத்துக்கொள்வதுதான் அது என்று பொறுமையாகச் சொன்னாய். வெடித்த கிண்ணத்தைக்கூட அவர்கள் தூக்கிப் போட மாட்டார்கள் என்றாய்.

"இதுக்கு நம்ம ஊர்லயும் ஒரு பேரு இருக்குது, ரிப்பேர்னு சொல்லுவோம்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பணம் காசு பாத்தவங்களுக்கு மண்ணு செவுரு அழகு கயலு. நமக்கு அது நேத்து இருந்த வூடு. நான் அதுலேர்ந்து எழுந்து வந்தவன். என்னத் திருப்பி அங்கியே கொண்டுபோய் உக்கார வெக்கிறியா?"

உன் முகம் அப்படியே வெளுத்துப் போனது. நான் சொன்னதில் பொய் இல்லை, இப்போதும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொன்னதிலும் பொய் இல்லை. இரண்டு உண்மையும் ஒரு ஹாலுக்குள் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன். நீயும் சாப்பிடவில்லை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நல்லா சண்ட போட்டுக்கினு இருங்க. நான் எங்க எழுந்து வரப்போறன்."

அதற்கப்புறம்தான் மலைக்குப் போனோம். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் பெரியசாமி என்று ஒரு வாடிக்கைக்காரர், மேலே புதுவீடு கட்டி டைலுக்குச் சொல்லியிருந்தார். மினி லாரி முன்னால் போக, நாம் காரில் பின்னால் போனோம். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்து, அவளைப் பின்வாசல் வழியாகத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து முன் சீட்டில் உட்கார வைத்தாய். கோமுகி அணை தாண்டி மலை ஏற ஏற, அம்மா ஜன்னலை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். கொண்டை ஊசி வளைவில் குரங்குக் கூட்டத்தைப் பார்த்து, "நம்ம ஊர்ல இருக்கற கூட்டத்துக்கு இது தேவல" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்கப்புறம் அவள் பேசிய முதல் கிண்டல் அது. நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பெரியசாமியின் புது வீடும் பழைய வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழையதில் மண்சுவர், சாணி மெழுகிய தரை, வெளியே பிரம்மாண்டமாக ஒரு பலா மரம். நான் புது வீட்டில் டைல் பெட்டியை இறக்கி, உடைந்தது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் காரில் அம்மா இல்லை. வாக்கர் மட்டும் பின் சீட்டில் மடக்கியபடி கிடந்தது. பழைய வீட்டுக்கு ஓடினேன். நீ கதவோரம் நின்றிருந்தாய். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாய். உள்ளே, அந்த மண் தரைக்கு நட்டநடுவில், உன் அம்மா எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் டீ டம்ளர். இன்னொரு கையை ஆட்டி ஆட்டி, பெரியசாமியின் பெண்சாதி சின்னப்பொண்ணிடம் பலாக்கொட்டையைப் பற்றி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். காருக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம் இருந்தது. அதைத் தாண்டி, படியேறி, குனிந்து உள்ளே போயிருக்கிறாள். யாரும் பிடிக்கவில்லை. அவளுக்கே தெரியவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சுற்றும் முற்றும் பார்த்தாள். "வாக்கர் எங்கடி? நான் எப்பிடி வந்தன்?" என்றாள்.

"நடந்துதாம்மா வந்த" என்றாய் நீ.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். சின்னப்பொண்ணு உன்னைப் புது வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் டைலைக் காட்டினாள். "மொகம் தெரியணும்ங்க, அவ்ளோ பளபளன்னு இருக்கணும். மெழுகி மெழுகி எங் கை ஒடிஞ்சிபோச்சி" என்றாள். உன் பேச்சை நினைத்து எனக்குப் பயம். ஜப்பானைப் பற்றி அவளிடமும் ஆரம்பித்துவிடுவாயோ என்று பார்த்தேன். நீ அவள் கையைப் பார்த்தாய், தரையைப் பார்த்தாய். "ரொம்ப நல்லா இருக்கும்க்கா. குளிக்கற எடத்துல மட்டும் சொரசொரப்பா இருக்கறத போட்டுக்கங்க, அது வழுக்காது" என்றாய். அவ்வளவுதான். படித்ததைத் தக்க இடத்தில் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை எனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய வீட்டுப் பின்வாசலின் பலா மரக் கதவு நிலையைக் கழற்றி வெளியே போட்டிருந்தார்கள். அதைக் கேட்டாய். விறகுக்கு என்று நினைத்துக்கொண்டு பெரியசாமி சிரித்துக்கொண்டே லாரியில் ஏற்றிவிட்டார். இறங்கும்போது, வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே நான் சொன்னேன்: "ஹால் மட்டும்தான். கடைப் பக்கம் கை வெக்கக் கூடாது." நீ பின்னாலிருந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டாய்.

டைலை உடைக்கும் சத்தத்துக்குத் தெருவே வந்துவிட்டது. கடை நொடித்துப் போய்விட்டது என்று ஒருவர், வாஸ்து சரியில்லை என்று ஒருவர். நான் முதல் நாள் வீட்டில் இருக்கவில்லை, கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். எலவனாசூர்கோட்டை கோவிந்தன் மேஸ்திரி பட்டபாடு உனக்கே தெரியும். ராஜஸ்தானிலிருந்து வரும் மெருகு போடாத கோட்டா கல்லை அழகாகப் பதித்துவிட்டார். சுவரில்தான் தகராறு. சுண்ணாம்பும் செம்மண்ணும் குழைத்துக் கொடுத்தாய். பழக்க தோஷம், அவர் கரணையை வைத்து இழுத்து இழுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். நீ ஈரம் காய்வதற்குள் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தாய். மனுஷன் கரணையைத் தொட்டியில் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"மேடு பள்ளமா பூசனதுக்கு ஏச்சு வாங்கியிருக்கறன் மொதலாளி. மட்டமா பூசனதுக்கு வாங்கனது இங்கதான். நாளைக்கு யாருனா வந்து இது கோவிந்தன் பூசனதான்னு கேட்டா நான் இன்னா சொல்லுவன்?"

"என் டைல நானே ஒடச்சிக்கினு நிக்கறன். நீ ஒரு செவுத்த உட்டுக் குடுக்க மாட்டியா?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். பிறகு எழுந்து போய் நீ சொன்னபடியே பூசினார். போகும்போது, "எம் பேர மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். அந்த மலை வீட்டு நிலைக்கால்களைப் பின்னறை வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் சுவரோடு இடுப்பு உயரத்தில் படுக்கை வசமாக, கைப்பிடியாக நீ பொருத்தச் சொன்னாய். யார் யாரோ பிடித்து நின்று வழவழத்த மரம். அம்மா முதல் நாள் அதில் கையை வைத்தவள், அப்படியே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் தடவிக்கொண்டே போனாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

உன் குப்பு அத்தை வந்தது அந்த வாரம்தான். என் அக்கா இன்றைக்கும் நைனார்பாளையத்தில் களை எடுக்கப் போகிறவள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாடா இது மண்ணு செவுரு? இதுக்குத்தான் ஊர உட்டு வந்தியா? மழ பேஞ்சா அரிசிப் பானையத் தூக்கிக்கினு அம்மா மூலைக்கு மூலை ஓடுமே, மறந்துட்டியா?" என்றாள். நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. நீ அவளுக்கு விளக்கம் சொல்லாமல், "செவுத்தத் தள்ளிப் பாருங்க அத்த" என்றாய். அவள் விளையாட்டுக்கு என்று நினைக்கவில்லை. பையைக் கீழே வைத்தாள், முந்தானையைச் செருகினாள், இரண்டு கையையும் சுவரில் வைத்து உடம்பைக் கொடுத்துத் தள்ளினாள். மறுபடியும் தள்ளினாள். கையைத் தட்டிக்கொண்டு, "நிக்குது" என்றாள். பிறகு கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "குளுகுளுன்னு இருக்குதுடி" என்று அங்கேயே படுத்துவிட்டாள். குறை உள்ளதைத் தானாகத் தேர்ந்தெடுப்பதும், வேறு வழியில்லாமல் குறையோடு கிடப்பதும் ஒன்றில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. நம்ம சுவருக்குப் பின்னால் செங்கல்லும் சிமெண்டும் இருக்கிறது. அக்கா வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அடுத்த மழைக்குள் அவளுக்கு ஒரு நல்ல சுவர் வைத்துத்தர ஏற்பாடு செய்திருக்கிறேன். அவளுக்குப் பெயிண்ட் வேண்டுமாம், ரோஸ் கலர். அடித்துக் கொடுக்கப்போகிறேன்.

இதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நீயும் மாப்பிள்ளையும் பெங்களூரிலேயே பேசி முடித்ததுதான், ஆனாலும் பெரியவர்கள் வந்து பார்ப்பது ஒன்று இருக்கிறதே. உளுந்தூர்பேட்டையில் பைபாஸ் ஓரம் ஓட்டல் வைத்திருப்பவர்கள். பெண்ணின் அப்பா டைல்ஸ் கடை, வீடு அரண்மனை மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். உள்ளே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா தனம் சுவரைப் பார்த்தார், மேலே பார்த்தார், தரையைப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார்: "இன்னும் வேல முடியலீங்களாண்ணே? பெயிண்ட் எப்ப அடிக்கறீங்க?"

"அடுத்த மாசம்ங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வைக்கு நான் என் தட்டிலிருந்த கேசரியை ரொம்ப நேரம் ஆராய்ச்சி செய்தேன்.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. அம்மா காபித் தட்டோடு நின்றாள். தட்டில் டம்ளர்கள் நிறைய. அந்த வாரம் முழுக்க மரத்தைப் பிடித்துக்கொண்டு பழகியிருந்தாள், உண்மைதான். ஆனால் கையில் எதையும் எடுத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல், ஹால் நடுவில் அவள் நடந்ததே இல்லை. நான் எழுந்தேன். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். டம்ளர்கள் மெல்ல ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கால், அது ஊன்றியதும் அடுத்த கால். கல்லில் அவள் பாதம் அழுந்தி நின்று, பிறகு எழுந்தது. யாருக்கும் இன்ன விஷயம் என்று தெரியாவிட்டாலும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"காப்பிய பொண்ணுதானே எடுத்தாரணும்?" என்றார் தனம், சிரித்துக்கொண்டே.

"பொண்ணு அப்புறம் எடுத்தாரட்டும்ங்க. இன்னிக்கி நான்" என்றாள் உன் அம்மா. தட்டை நீட்டிவிட்டு, "வேல முடிஞ்சிடுச்சுங்க. பெயிண்ட் அடிக்க மாட்டோம். எங்கூட்டுக்காரரு வெக்கப்பட்டுக்கினு பொய் சொல்றாரு. நான் நடக்கறதுக்காகத்தான் எம் பொண்ணு இத மாத்துனா" என்றாள். தனம் எழுந்து வந்து தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "நீங்க உக்காருங்கக்கா, நான் குடுக்கறன்" என்று எல்லோருக்கும் அவரே காபி கொடுத்தார், எனக்கும் சேர்த்து. என் வீட்டில் சம்மந்தியம்மா கையால் காபி வாங்கிக் குடித்தவன் நான். அந்த நிமிஷத்திலேயே கல்யாணம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாசலில் செருப்பு போடும்போது அவர் தன் வீட்டுக்காரரிடம், "கல்யாணத்துக்குள்ள அடிச்சிடுவாங்க, பாருங்க" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் நீ அம்மாவிடம் போனில் பேசினாய். அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், உனக்குத் தெரியும். உன் மாமியார் ஒரு சோபா வாங்கி அனுப்புகிறார், மெரூன் வெல்வெட், தங்க நிறக் கால், போட்டோவைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, அந்த அறையே கெட்டுவிடும், எப்படியாவது அப்பாவை விட்டுச் சொல்லி நிறுத்து என்றாய். உன் அறையின் போட்டோவை நானும் பார்த்தேன். சாம்பல் நிறச் சுவர், ஒரு மண்பானை, அதில் ஒரு காய்ந்த கிளை. நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சோபா அங்கே சேராது என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆனால் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அதை வாங்கும்போது நான் கூட இருந்தேன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று சம்மந்தியம்மா கேட்டுக்கொண்டார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோபா கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர் என்று, அவர் உளுந்தூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கே வந்தார். ஓட்டலை அன்றைக்கு வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கடைக்குள் போனதும் நிறத்தைப் பார்க்கவில்லை, துணியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சோபாவிலும் போய் உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். எழுந்து அடுத்ததற்குப் போவார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை. கடை முழுக்க உட்கார்ந்து முடித்து, முதலில் உட்கார்ந்த ஒன்றுக்குத் திரும்பி வந்து, "இதுதாண்ணே" என்றார். அந்த ஒன்று மெரூனில்தான் இருந்தது. கடைக்காரர் வேறு நிறம் வரவழைக்கிறேன் என்றார். நானும் உன்னை நினைத்துக்கொண்டு, வெளிர் நிறமாக இருந்தால் தேவலை என்று சொல்லிப் பார்த்தேன்.

"கல்யாணமான புள்ளைக்கு நெறமா இருக்கட்டும்ண்ணே" என்றார். பிறகு, "அந்தப் புள்ள அழகு தெரிஞ்சவ. உங்கூட்டப் பாத்தப்போ எனக்கு ஒண்ணும் வெளங்கல. அக்கா நடந்து வந்தாங்க பாருங்க, அப்பதான் இவ இன்னா பண்ணியிருக்கறான்னு வெளங்குச்சி. எனக்கு அழகெல்லாம் தெரியாது. எங்க ஓட்டல்ல எல்லா சேரும் வர்றவங்களுக்கு. நான் தோசக் கல்லுகிட்ட நின்னவ. வேல முடிஞ்சி வந்து உக்காந்தா முதுகுக்கு எது நல்லா இருக்கும், அது தெரியும். அவளும் நாள் பூரா சைட்ல நிக்கறாளாமே" என்றார்.

கயலு, நீ என் டைலைப் பெயர்த்தது ஜப்பானுக்காக இல்லை. அம்மாவின் காலுக்காக. அதனால்தான் நான் விட்டுக்கொடுத்தேன். அழகுக்காக மட்டும் கேட்டிருந்தால் இன்றைக்கும் அந்த வெள்ளைத் தரையில்தான் நாம் முகம் பார்த்துக்கொண்டிருப்போம். உன் அறைக்குள் ஒரு காய்ந்த கிளைக்கு இடம் இருக்கிறது, ஒரு மனுஷியின் மெரூன் சோபாவுக்கு இடம் இல்லை என்றால், அதுவும் ஒரு பளபளப்புதான். ஜாயிண்ட் தெரியாமல் பதித்த தரை மாதிரி. கால் வைக்க எல்லோரும் பயப்படுவார்கள். மாப்பிள்ளை நல்ல பையன், உன் விருப்பத்துக்குத் தலையாட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கென்று ஒரு மூலையில் கேவலமான எதையாவது அவர் வைத்துக்கொள்ளட்டும். என் கடையைப் பார், சொரசொரப்பான கல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன், எதிர்ப்பக்கம் பளபளப்புதான் இன்னும் நிற்கிறது. இரண்டையும் கேட்டு ஆள் வருகிறார்கள். வருகிறவர் யார், அவர் வீட்டில் யார் நடக்கிறார்கள் என்று அம்மா கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் காட்டுகிறாள். ஆமாம், சாயங்கால நேரத்தில் கடைக்கு வர ஆரம்பித்துவிட்டாள். சாவி இப்போது அவளிடம்தான்.

சோபா வந்து கொஞ்ச நாள் போகட்டும். அதில் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடிப் பார். பிறகும் பிடிக்கவில்லை என்றால் மேலே ஒரு பருத்தி விரிப்பைப் போட்டுக்கொள். மாமியார் வரும்போது எடுத்துவிடு என்று சொல்ல வந்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், அவர் அதற்கெல்லாம் வருத்தப்படுகிறவர் இல்லை. "உக்காந்தா நல்லா இருக்குதா?" என்று மட்டும்தான் கேட்பார். அதற்கு உண்மையைச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம மினி லாரியிலேயே அதை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம். நானும் அம்மாவும் காரில் பின்னால் வருவோம், உளுந்தூர்பேட்டையில் சம்மந்தியம்மாவை ஏற்றிக்கொள்வோம். மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றும் செய்யாதே, அவர் ஓட்டலிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறாராம். ஒன்று மட்டும் செய். சோபா அகலம் ஜாஸ்தி. உங்கள் வீட்டு வாசற்கதவை அளந்து இன்றைக்கே சொல். நுழையாது போலிருந்தால் கதவைக் கழற்றிக்கொள்ளலாம், ஸ்குரூ டிரைவர் நான் எடுத்து வருகிறேன்.

அப்பா